பாவாவின் புள்ளிகளில் ஹாங்காங் வரை

அரக்கோணத்தில் பம்பாய் ரயில் ஏறிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எங்கள் ஊர் வந்துவிட்டது. அந்த வண்டி திருத்தணியில் நிற்காது. பிளாட்பாரத்துப் பூக்கூடைகளும் புது மொட்டைத் தலைகளும் கண்மூடித் திறப்பதற்குள் ஓடி மறைந்தன. மலை மட்டும் அவசரமில்லாமல் எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. சரோஜா அக்கா எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முருகா, இவ ஒழுங்கா ஓடணும். பொட்டி கிட்டி தொலையக் கூடாது."

எதிரே ரேணிகுண்டாவுக்குப் போகும் புகையிலை வியாபாரி ஒருவர் இருந்தார். "எது வரைக்கும்மா பயணம்?" என்று கேட்டார்.

"ஹாங்காங்கு" என்றாள் அக்கா, பக்கத்து ஊர்ச் சோளிங்கரைச் சொல்வதைப் போல.

வியாபாரி எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஏரோப்ளான்லயா? ரொம்ப செலவு ஆவுமே."

"செலவு இல்லைங்க. புள்ளியில போறோம்."

"புள்ளியிலன்னா?"

"எங்க வீட்டுக்காரரு பறந்துகினே இருந்தாரு. அதுக்கு ஏரோப்ளான் கம்பெனிக்காரன் புள்ளி போட்டுகினே வந்தான். இப்ப அந்தப் புள்ளிய குடுத்தா டிக்கெட்டு குடுக்கறான்."

அவர் தலையாட்டினார். ஒன்றையும் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நானும் சில மாதங்களுக்கு முன்னால் நம்பவில்லைதான்.

அக்காவின் வீட்டுக்காரர் முனிரத்தினம் எனக்குப் பாவா. பொதட்டூர்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து, விசைத்தறி விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் என்ஜினீயர் ஆனவர். எங்கே புது இயந்திரம் இறங்கினாலும் அதைப் பூட்டி ஓட வைத்துவிட்டு வருவது அவர் வேலை. மணிலா, ஜகார்த்தா, அமெரிக்கா என்று வருஷத்தில் பாதி நாள் ஆகாயத்தில் இருப்பார். அடிக்கடி ஏறும் அமெரிக்கக் கம்பெனி விமானத்தில், எண்பதுகளில் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார்கள். பறக்கிற மைலுக்கு ஏற்றபடி பயணி பேரில் புள்ளி ஏறும். போதுமான அளவு சேர்ந்தால் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ இலவச டிக்கெட்.

நான் திருத்தணியில் பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். நாற்பதைத் தாண்டியவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதைப் பற்றி ஊர் பேசி முடித்துவிட்டது. காலையில் மலைப்பாதையில் ஓடுவேன். பாவாடை தாவணி வயதில் ஓடியபோது எவரும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது ஓடினால், "இன்னா டீச்சரம்மா, பஸ்ஸ வுட்டுட்டீங்களா?" என்று பூக்காரி கேட்பாள். சிரித்துவிட்டு ஓடுவேன்.

நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தடகளப் போட்டிகள் நடக்கின்றன. பெங்களூரில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் நான் முதலாவதாக வந்தேன். வெளிநாட்டுப் போட்டிக்கு எடுத்தார்கள். ஆனால் டிக்கெட்டை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். என்னால் முடியவில்லை. எனக்குப் பின்னால் வந்தவள் போய்விட்டு வந்து, வீடு தேடி வந்து போட்டோக்களைக் காட்டினாள். மறு வருஷமும் எடுத்தார்கள். இந்த முறை ஹாங்காங்.

அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன். உதவி கேட்கவேண்டும் என்று சொல்லவில்லை. வேறு பேச்சு இல்லாமல்தான் சொன்னேன். அப்போதுதான் பாவா தம் புள்ளிகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முன்வரிசைச் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு அமெரிக்கா போய் வரலாம் என்பது அவர் கணக்கு.

அக்கா குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். இந்தப் புள்ளியெல்லாம் யாரு சம்பாரிச்சது?"

"இது இன்னா கேள்வி? பறந்தது நான்தானே?"

"நீங்க பறந்தீங்க. பெரியவனுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப மணிலாவுக்குப் பறந்தீங்க. மழையில பின்கட்டுச் சுவரு வுழுந்தப்ப அமெரிக்காவுல இருந்தீங்க. எங்க நைனா செத்தப்ப எல்லாம் எடுத்தப்புறம் வந்து நின்னீங்க. நான் குத்தமா சொல்லல. வேலை அப்பிடி. ஆனா நீங்க அங்க போன ஒவ்வொரு மைலுக்கும் நான் இங்க ஒண்டியா நின்னுகினு இருந்தேன். அந்தப் புள்ளியில எனக்கு பாதி உண்டா இல்லியா?"

பாவா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் குடும்பத்து விஷயத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது.

"பாதி இல்ல" என்றார் பாவா கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "முழுசும் எடுத்துக்க, சரோஜா. எங்க போவப் போற?"

"வசந்தா எங்க ஓடுறாளோ அங்க."

அக்கா அதுவரை திருப்பதிக்கு அப்பால் போனதில்லை.

பம்பாயில் சோதனை காத்திருந்தது. சென்னை அலுவலகத்தில் பாவா, "என் சம்சாரம் ஒருத்தி, அவளோட தங்கச்சி ஒருத்தி" என்று சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். டிக்கெட் எழுதியவர் குடும்பம் என்றால் ஒரே குடும்பப் பெயர்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒன்றில் ‘முனிரத்தினம் சரோஜா’ என்றும் இன்னொன்றில் ‘முனிரத்தினம் வசந்தா’ என்றும் எழுதிவிட்டார். நாங்கள் கவனிக்கவில்லை. என் பாஸ்போர்ட்டில் இருப்பது எங்கள் நைனா பெயர்: ‘கோவிந்தசாமி வசந்தா.’

கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இது உங்கள் டிக்கெட் இல்லை என்றாள் இங்கிலீஷில். இலவச டிக்கெட்டில் விமான நிலையத்தில் பெயர் மாற்றக் கூடாது. உங்கள் சகோதரி போகலாம், நீங்கள் போக முடியாது.

அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

"நான் மட்டும் போயி இன்னா பண்றது? நானா ஓடப் போறேன்?"

அடுத்த விமானம் பிடித்தால் போட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேர முடியும். போட்டோ காட்ட வந்தவளின் முகம் நினைவுக்கு வந்தது. அக்கா அழவில்லை. மேலதிகாரியைக் கூப்பிடச் சொல் என்றாள் என்னிடம். வந்தவர் கறுப்புக் கோட்டு போட்ட நடுவயதுக்காரர். அவர் கூட வந்தவரிடம் தெலுங்கு பேசிக்கொண்டே வந்ததை அக்கா காதில் வாங்கிவிட்டாள். மாமியார் வீட்டில் தெலுங்கிலேயே குப்பை கொட்டியவள் அவள். அவ்வளவுதான், பேச்சு அந்தப் பாஷைக்கு மாறிவிட்டது.

"ஐயா, கோட்டில் குத்தியிருக்கும் உங்கள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கிறதே, அது என்ன?"

"எங்கள் வீட்டுப் பெயர் அம்மா."

"உங்கள் மனைவிக்கும் அதே எழுத்துதானா?"

"கல்யாணத்துக்குப் பிறகு அதே எழுத்துதான்."

"உங்கள் மனைவியின் தங்கைக்கு?"

"அவளுக்கு எப்படி அம்மா என் வீட்டுப் பெயர் வரும்? அவள் அப்பா வீட்டுப் பெயர்தானே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். டிக்கெட்டைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அக்காவின் பாஸ்போர்ட்டையும் வாங்கித் தகப்பன் பெயர் இருக்கும் பக்கத்தைத் திருப்பினார். இரண்டிலும் கோவிந்தசாமி. சிரிக்க ஆரம்பித்தார். கவுண்டர் பெண்ணிடம், "இந்த அம்மாளுக்கு அந்தப் பெயர் இருந்தால்தான் நாம் சந்தேகப்பட வேண்டும்" என்றார். சென்னை அலுவலகத்துக்குப் போன் செய்து, புள்ளிக்காரர் எழுதிக் கொடுத்தது மனைவியின் தங்கை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். டிக்கெட்டில் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

"உங்கள் தங்கை எதற்குப் போகிறாள்?" என்று கேட்டார்.

"ஜெயிப்பதற்கு" என்றாள் அக்கா.

விமானத்தில் தலைக்கு மேல் இருந்த குழாயிலிருந்து காற்று வந்ததும் அக்கா முந்தானையால் காதை மூடிக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டில் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்தது. "பொம்மைக் கல்யாணத்து விருந்தாட்டம் இருக்குது" என்றாள். உப்பும் மிளகுத் தூளும் இருந்த காகிதப் பொட்டலங்களைப் பிரிக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் தம்முடைய பொட்டலங்களையும் அவளிடம் கொடுத்தார்.

ஹாங்காங்கில் விமானம் இறங்குவதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மாடி வீடுகளுக்கு நடுவில் சரிந்து திரும்பி இறங்குகிறது. மூங்கில் கழிகளில் காயும் பனியன்கள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. ஒரு ஜன்னலுக்குள் ஒருவர் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அந்த வூட்டு அடுப்புல இன்னா வேவுதுன்னு கூடத் தெரியுதுடி" என்றாள். சக்கரம் தரையைத் தொட்டதும் முதல் ஆளாகக் கை தட்டியவள் அவள்தான்.

பெட்டிகள் சுற்றிக்கொண்டு வரும் இடத்தில் அக்காவின் பெட்டி முதலிலேயே வந்தது. அதற்குள் முறுக்கு, எள்ளுருண்டை, தக்காளித் தொக்கு எல்லாம் பத்திரமாக இருந்தன. என் பெட்டி வரவில்லை. அதற்குள்தான் என் ஓட்டச் சட்டையும் காலணியும் இருந்தன. பெட்டி பம்பாயிலேயே தங்கிவிட்டது, அடுத்த விமானத்தில் வரும் என்றார்கள். போட்டி முடிந்த பிறகு வந்து சேரும் அதே அடுத்த விமானம்.

போட்டிக்காரர்களை ஒரு பள்ளி விடுதியில் தங்கவைத்தார்கள். வாசலில் பெயர் பதிந்த சீனத்து இளைஞர் அக்காவைக் காட்டி, இவரும் ஓடுகிறாரா என்றார். இல்லை என்றேன். அப்படியானால் விடுதியில் இடமில்லை, பயிற்சியாளருக்கு மட்டும்தான் உண்டு என்றார். "பயிற்சியாளர்தான்" என்றேன். அக்கா கழுத்தில் நீல ரிப்பனில் ஓர் அட்டை தொங்கியது. அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை குளிக்கும்போது மட்டும்தான் அதைக் கழற்றினாள்.

மறுநாள் காலை காலணி தேடிப் புறப்பட்டோம். முதலில் வயிற்றைக் கவனித்தோம். தெருமுனைக் கடையில் பெரிய பானையில் வெண்மையாக ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. சுவரில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘கான்ஜி’ என்றிருந்தது. கஞ்சி! அரிசிக் கஞ்சிதான், மீன் துண்டும் இஞ்சிக் கீற்றும் போட்டது. அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "இம்மாந்தொலைவு பறந்து வந்து கஞ்சி குடிக்கிறோம் பாரு" என்று கைப்பையிலிருந்து தொக்கை எடுத்தாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு கரண்டி வைத்தாள். அவர் நக்கிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கிண்ணத்தை மறுபடியும் நீட்டினார்.

மாடி வைத்த டிராம் வண்டியில் ஏறினோம். கடைத்தெருவுக்குப் போகும் என்று நினைத்து ஏறியது எதிர்ப் பக்கம் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிவிட, ஓட்டுநர் எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையை விரித்தார். இறங்கி நடந்தோம். ஒரு தெரு முழுவதும் படிக்கட்டாகவே ஏறியது. இரண்டு பக்கமும் கடைகள். எங்கள் மலைப் படிகளில் தேங்காய், பூ, விபூதி விற்பதுபோல அங்கே கோழி, பொத்தான், குடை விற்றார்கள். அக்கா கடைசிப் படிவரை ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். "இம்மாம் படி ஏத்திட்டு மேல சாமி இல்லியேடி. மீன் மார்க்கெட்டுதான் இருக்குது."

அந்த மீன் மார்க்கெட்டுக்கு எதிரில்தான் காலணிக் கடை. பெண்கள் காலணிகளெல்லாம் கூர்மூக்கு வைத்து ஒடுங்கிக் கிடந்தன. என் பாதம் மலைப்பாதையில் பரந்துபோனது. கடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவருக்கு இங்கிலீஷ் வராது. கல்லாவில் இருந்த அவர் மகள்தான் இரண்டு பக்கமும் பேசினாள். நான் நாளைக்கு ஓடவேண்டியவள் என்று அவள் சொன்னதும் அவர் எழுந்து உள்ளே போனார். பள்ளிக்கூடப் பையன்கள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் காலணி ஒரு ஜோடி கொண்டுவந்தார். பொருந்திவிட்டது.

காசை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஓடிப் பார்க்காமல் காலணி விற்க முடியாது என்கிறார் அப்பா" என்றாள் மகள்.

"எங்கே ஓடுவது?"

அவர் வாசலில் நின்று மீன்காரர்களைப் பார்த்து உரக்க ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று மகளைக் கேட்டேன். "இந்தியாவிலிருந்து ஒரு ஓட்டக்காரி வந்திருக்கிறாள், கூடைகளை எடுங்கள் என்றார்."

கூடைகள் நகர்ந்தன. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண் தண்ணீரைப் பெருக்கித் தள்ளினாள். சந்தின் நடுவில் ஒரு பாதை திறந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். இரு பக்கமும் மீன்கள் துள்ளின, ஆட்கள் கூவினார்கள். சந்துமுனையில் திரும்பி வந்தபோது வேகம் கூடியிருந்தது. ஊரில் நான் ஓடுவதற்கு எவரும் இப்படி வழி விட்டதில்லை. கடைக்காரர் குனிந்து, கட்டைவிரலால் காலணியின் முனையை அழுத்திப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் காசை வாங்கினார். புதுக் காலணி கடிக்காமலிருக்க அன்று மாலைவரை அந்தப் படிக்கட்டுத் தெருவில் ஏறி இறங்கினேன். அக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்து, அட்டையைச் சரிசெய்துகொண்டு, போவோர் வருவோருக்கெல்லாம் எள்ளுருண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

போட்டியன்று வெயில் இல்லை. காற்று மட்டும் ஈரத்துணிபோல மேலே ஒட்டியது. விடுதியில் கூடத் தங்கிய ஒரு சிங்கப்பூர்க்காரி சட்டை இரவல் கொடுத்திருந்தாள். வரிசையில் நின்ற மற்றவர்கள் ஆணி வைத்த மெல்லிய காலணி போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஜப்பான்காரி உயரம், சதையே இல்லாத கால்கள். அவள் என் பாதத்தைப் பார்த்தாள். பிறகு நேரே பார்த்துக்கொண்டாள்.

துப்பாக்கி வெடித்ததும் அவள் முன்னால் போய்விட்டாள். முதல் சுற்றில் நான் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ ஓடிக்கொண்டிருந்தேன். மூச்சு ஒழுங்குக்கு வரவில்லை. இரண்டாவது சுற்றில் குதிகாலில் எரிச்சல் ஆரம்பித்தது. கம்பிவேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"வசந்தா! இன்னாடி வேடிக்கை பாத்துகினு ஓடுற? ஏறுடி!"

ஏறு என்ற அந்த ஒரு வார்த்தை என் கால்களுக்குப் புரிந்தது. கையை வீசி, அடியைச் சுருக்கி, மலையில் வளைவு ஏறுவதைப் போலவே ஏறினேன். ஒருத்தியைத் தாண்டினேன். இன்னொருத்தியைத் தாண்டினேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது எனக்கு முன்னால் ஜப்பான்காரி மட்டும்தான் இருந்தாள். நல்ல இடைவெளி இருந்தது. அப்போது அவள் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் ஓடி மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். தெம்பாக இருப்பவள் பின்னால் பார்க்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

கடைசி வளைவில் அவள் தோளுக்கு வந்துவிட்டேன். வேலிக்கு அப்பால் ஒரு மஞ்சள் புடவை என்னோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அக்காவைத் தடுக்க ஓர் அதிகாரி கையை நீட்டினார். அவள் அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவரையும் தாண்டி ஓடினாள். அந்த நேர்க்கோட்டில் ஜப்பான்காரியின் மூச்சும் என் மூச்சும் எனக்கு வேறுவேறாகத் தெரியவில்லை. நாடா என் நெஞ்சில்தான் பட்டது.

விழுந்துவிட்டேன். எழுப்பியவள் அந்த ஜப்பான்காரிதான். என் காலணியைக் காட்டி அவள் ஏதோ சொல்ல, கூட வந்தவர் இங்கிலீஷில் சொன்னார்: "என் மகன் இதே காலணியைத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போகிறான், இனிமேல் அவனிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்கிறார்." இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து சிரித்தோம். அக்கா வந்து சேர்ந்தபோது அவளுக்குத்தான் எங்களைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், அதே முந்தானையால் ஜப்பான்காரி முகத்தையும் துடைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் துறைமுகத்தின் அக்கரைக்குப் படகில் போனோம். பச்சையும் வெள்ளையுமாகப் பூசிய பழைய படகு. குதிகால் எரிச்சலுக்குக் காலணியைக் கழற்றிவிட்டு மரப்பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பதக்கத்தைப் பார்த்துத் தருகிறேன் என்று வாங்கிய அக்கா, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். தாலிக்கயிறு, நீல ரிப்பன், அதற்கு மேல் பதக்கம்.

எதிர் பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த சீனத்துப் பெரியவர் நிமிர்ந்தார். பதக்கத்தைப் பார்த்தார். அக்காவின் மஞ்சள் புடவையையும் கனத்த உடம்பையும் நரைத்த முன்மயிரையும் பார்த்தார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்று, "ஓட்டமா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"எஸ்" என்றாள் அக்கா.

"முதல் பரிசா?"

"எஸ்."

பெரியவர் குனிந்து வணங்கினார். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் கை தட்டினாள், பிறகு அந்த வரிசையே தட்டியது.

"அக்கா, ஓடினது நானு" என்றேன் மெதுவாக.

"ஆங், நீதான் ஓடின. அதை யாரு இல்லேன்னது?" என்றாள் அவள், என் பக்கம் திரும்பாமலேயே. பிறகு எழுந்து நின்று, புடவையைச் சரிசெய்துகொண்டு, படகில் இருந்த எல்லாருக்கும் கை கூப்பினாள்.